மருத்துவமனை வாயிலுக்கு அப்பால்

1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், கனடா நாட்டின் டொராண்டோ பொது மருத்துவமனையில், லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலாக ஊசி வழியே செலுத்தப்பட்டது. அன்றைய சாறு போதிய தூய்மை பெறாதது. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ஜனவரி 23ஆம் நாள், காலிப் என்ற உயிர்வேதியியலார் தூய்மைப்படுத்தித் தந்த சாறு செலுத்தப்பட்டபோதுதான் சிறுவனின் உடல் தேறத் தொடங்கிற்று. பான்டிங், பெஸ்ட், மெக்லியோட், காலிப் ஆகிய நால்வரின் பெயர்களும் மருத்துவ வரலாற்றில் நிலைபெற்றன. 1923இல் பான்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. காப்புரிமையோ ஆளுக்கு ஒரு டாலர் என்னும் பெயரளவு விலைக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இவ்வளவும் பள்ளி மாணவரும் அறிந்த வரலாறு. ஆனால், இவ்வரலாற்றுக்கு மறுபாதி ஒன்று உண்டு. ஊசியால் உயிர் பிழைத்தவர் ஒருநாள் மருத்துவமனைப் படிக்கட்டில் இறங்கி வீட்டுக்குப் போகத்தானே வேண்டும்? அங்கே அவருக்கு யார் ஊசி போடுவார்? எத்தனை அலகு போட வேண்டும் என யார் சொல்வார்? நள்ளிரவில் உடல் நடுங்கி வியர்த்தால் யாரைக் கேட்பார்? இவ்வினாக்களுக்கு விடை தேடியவர்களின் பெயர்கள் நம்மிடையே அவ்வளவாக அறியப்படவில்லை. அவர்களைப் பற்றியே இங்கு நாம் சிறிது எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

பட்டினியும் உயிர்ப்பும்

இன்சுலின் வருமுன் சிறாருக்கு நீரிழிவு வந்துவிட்டால் அது மரண ஓலைக்கு ஒப்பாகும். அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் ஆலன் வகுத்த பட்டினி முறை ஒன்றே அப்போதிருந்த வழி. உடல் தாங்கும் எல்லைவரை உணவைக் குறைத்து, சிறுநீரில் சர்க்கரை இறங்காதவாறு காத்து, சாவைச் சில திங்களோ சில ஆண்டுகளோ தள்ளிப்போடுவதே அம்முறை. அமெரிக்க வெளியுறவுச் செயலராயிருந்த சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத், 1922 ஆகஸ்டில் டொராண்டோவுக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது அவளுக்கு வயது 14. உடல் எடையோ ஏறத்தாழ 20 கிலோ மட்டுமே. பான்டிங்கிடம் சிகிச்சை பெற்ற அச்சிறுமி தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றாள். அதே ஆண்டு இறுதியில் வீடு திரும்பினாள். மணமுடித்து, மக்களைப் பெற்று, 1981ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார்.

பாஸ்டன் நகரின் மருத்துவர் எலியட் ஜாஸ்லின், தம் நோயாளர் பலர் இவ்வாறு எழுந்து நடந்ததைக் கண்டு, இறைவாக்கினர் எசேக்கியேல் கண்ட உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கை நினைவுகூர்ந்தார். அவ்வுவமையை நாம் அவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எசேக்கியேல் நூலின் 37ஆம் அதிகாரம் எலும்புகள் எழுந்து நின்றதோடு முடிந்துவிடவில்லை. எழுந்த மக்களை அவர்தம் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஆண்டவர் உறுதியளிக்கிறார். எழுப்புவது ஒரு செயல். வீடு சேர்ப்பது மற்றொரு செயல். ஜாஸ்லினின் நீண்ட வாழ்வு இவ்விரண்டாம் செயலுக்கே பெரிதும் செலவாயிற்று.

வீட்டுக்கு எடுத்துச் சென்ற சுமை

1920களில் மருத்துவமனையை விட்டுச் சென்ற ஒருவர் தம்மோடு எடுத்துச் சென்றவை எவை? கண்ணாடியாலான ஊசிக்குழல், ஒவ்வொரு முறையும் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்து மீண்டும் மீண்டும் பயன்படுத்திய உலோக ஊசிகள், அவற்றின் முனை மழுங்கினால் தீட்டுவதற்கு ஒரு சிறு கல், உணவை நிறுக்கும் தராசு, சிறுநீரைச் சோதிக்கப் பெனடிக்ட் கரைசல், சோதனைக் குழாய், விளக்கு. நீல நிறக் கரைசலில் சில துளி சிறுநீரை விட்டுச் சூடாக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், செங்கல் நிறம் என மாற மாறச் சர்க்கரையின் அளவு மிகுதி. நோயாளியின் அன்றாட நன்னம்பிக்கையும் கலக்கமும் அந்தக் குழாயின் நிறத்தில் அடங்கிக் கிடந்தன.

அக்கால இன்சுலினின் ஆற்றல் சில மணி நேரமே நிற்கும். எனவே நாளொன்றுக்கு இரண்டு, மூன்று முறை, உணவுக்குச் சற்று முன் ஊசி போட வேண்டியிருந்தது. ஊசி போட்டுவிட்டு உண்ணத் தவறினால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோம்: வியர்வை, நடுக்கம், பசி, பேச்சில் குழப்பம், பின்னர் நினைவிழப்பு. ஊசியை நிறுத்திவிட்டாலோ சர்க்கரை ஏறி, உடலில் அமிலம் சேர்ந்து, கோமா என்னும் ஆழ்மயக்கம் நேரும். இடப்புறமும் வலப்புறமும் பள்ளம் உள்ள வரப்பின் மேல் நாள்தோறும் நடப்பதற்கு இதனை ஒப்பிடலாம். போதாக்குறைக்கு, மருந்துக் குப்பிகள் வெவ்வேறு செறிவில் விற்கப்பட்டன. குப்பியில் எழுதியுள்ள எண்ணைப் படிக்கத் தெரியாதவருக்கு உயிர் காக்கும் மருந்தே உயிரைப் பறிக்கவும் கூடும்.

மருத்துவ உலகில் இது புதியதொரு நிலைமை. அதுவரை மருத்துவர் மருந்தளிப்பார். நோயாளி அதைப் பெற்றுக்கொள்வார். இன்சுலினிலோ மருந்தின் அளவு உணவைப் பொறுத்தது; உணவு வேலையைப் பொறுத்தது; வேலை நாளுக்கு நாள் மாறுவது. மருத்துவர் எவ்வளவு வல்லவராயினும் நோயாளியின் சமையலறையில் மும்முறை வந்து நிற்க இயலாது. ஆதலின் நோயாளியே தமக்கு மருத்துவராக வேண்டும். எளிய மனிதரையும் அந்நிலைக்கு உயர்த்துவதற்கு ஆசிரியர் வேண்டும்.

மருந்துக்கு முன் வந்த பாடநூல்

1869இல் பிறந்த ஜாஸ்லினுக்கு இந்நோய் அயலானதன்று. அவருடைய தாயாரே நீரிழிவுக்கு ஆளானவர். மாணவப் பருவம் தொட்டே தம்மிடம் வந்த ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் பேரேட்டில் குறித்து வந்தார். 1918இல் மருத்துவருக்கும் நோயாளிக்கும் பொதுவான கையேடு ஒன்றை வெளியிட்டார். இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே அவரிடம் பாடநூல் ஆயத்தமாக இருந்தது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். நோயாளி தம் நோயை அறிந்துகொள்ளும் உரிமையும் கடமையும் உடையவர் என்னும் கொள்கை, மருந்தின் துணையின்றியே அவரிடம் வேரூன்றிவிட்டது.

1922 ஆகஸ்டு 7ஆம் நாள் ஜாஸ்லின் தம் முதல் இன்சுலின் ஊசியை எலிசபெத் மட்ஜ் என்பவருக்குப் போட்டார். அவர் தொழிலால் செவிலியர். வீட்டை விட்டு வெளியே வரவும் வலுவின்றிக் கிடந்தவர். சில வாரங்களிலேயே மைல் கணக்கில் நடக்கும் ஆற்றல் பெற்றார். பாஸ்டனில் இன்சுலினின் முதற்பயனைப் பெற்றவர் ஒரு செவிலியர் என்பது பொருத்தமானதே. ஏனெனில் அடுத்து வந்த பெரும்பணியைச் சுமந்தவர்கள் செவிலியர்களே.

பாஸ்டன் டீக்கனஸ் மருத்துவமனையில் ஜாஸ்லின் தம் நோயாளருக்கு வகுப்புகள் நடத்தினார். கட்டிலில் படுத்திருக்க வேண்டியவர்கள் மாணவர்களாக அமர்ந்து கேட்டனர். உணவை நிறுப்பது, சிறுநீரைச் சோதிப்பது, ஊசி போடுவது, காலைப் பேணுவது ஆகியவற்றைத் தம் கையாலேயே செய்து பழகினர். அங்குக் கற்பித்தல் என்பது சிகிச்சைக்குப் பின் ஓய்வு நேரத்தில் செய்யும் துணைவேலையாக இருக்கவில்லை; அதுவே சிகிச்சையாகக் கருதப்பட்டது.

இதனினும் சிறப்பானது அவர் ஏற்படுத்திய ‘அலைந்து திரியும் செவிலியர்’ ஏற்பாடு. நன்கு பயிற்சி பெற்ற செவிலியர் நோயாளியின் இல்லத்துக்கே சென்று, குடும்பத்தாரோடு இருந்து, கற்றதைக் கைவரச் செய்தனர். இதன் தேவையை உணர்வது கடினமன்று. மருத்துவமனையில் உணவு நிறுத்து அளந்து தட்டில் வருகிறது, நேரம் தவறுவதில்லை, பக்கத்தில் எப்போதும் யாரோ இருக்கிறார். வீட்டிலோ அடுப்பு ஒன்று, வாய் பல. தராசைக் கண்டு சிரிப்பவர் உண்டு. ஒருநாள் உண்டால் என்ன என்று வற்புறுத்தும் அன்பர் உண்டு. ஊசி என்றாலே கண்ணை மூடிக்கொள்ளும் தாய் உண்டு. மருத்துவமனையில் பழகிய கை வீட்டில் நடுங்குகிறது. அக்கை நடுங்காதிருக்க அருகிலிருந்து பார்த்துத் தேற்ற ஒருவர் வேண்டும். அவரையே ஜாஸ்லின் அனுப்பிவைத்தார்.

சிறாரையும் அவர் மறக்கவில்லை. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டனின் பிறந்த இல்லத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வடக்கு ஆக்ஸ்போர்டில், 1932இல் நீரிழிவுற்ற சிறுமியருக்கான கோடை முகாம் தொடங்கிற்று. ஊரில் தான் ஒருத்தி மட்டுமே ஊசி போடுகிறவள் எனக் கூசி நின்ற சிறுமி, அங்கே எல்லாரும் காலையில் வரிசையாக ஊசி போடக் கண்டாள். பாதிச் சுமை அதனாலேயே இறங்கியிருக்கும்.

பயன் கண்கூடானது. 1914க்கு முன் ஜாஸ்லினின் நோயாளருள் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆழ்மயக்கத்தில் மாண்டவர்கள். இன்சுலினும் கல்வியும் பரவிய பின் அவ்வகை மரணம் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. கால் அழுகலைப் பற்றி 1934இல் எழுதியபோது, அது விண்ணிலிருந்து விதிக்கப்படுவதன்று, மண்ணில் விளைவது என்னும் கருத்தை அவர் அழுத்தமாக வலியுறுத்தினார். நோயைத் தெய்வத்தின் தண்டனை என எண்ணிச் செயலற்றுப் போகிற மனநிலைக்கு இதைவிட நேரான மறுமொழி வேண்டுவதில்லை.

இலண்டனும் லிஸ்பனும்

இங்கிலாந்தின் இராபின் லாரன்ஸ் தாமே நீரிழிவுக்கு ஆளான இளம் மருத்துவர். தம் முடிவு நெருங்கிவிட்டதாகக் கருதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1923 மே மாதம், இன்சுலின் கிடைத்துவிட்டது, உடனே திரும்புக என இலண்டன் நண்பரிடமிருந்து தந்தி வந்தது. தளர்ந்த உடலோடு காரோட்டி வந்து சேர்ந்து உயிர் பிழைத்தார். 1968 வரை வாழ்ந்தார். 1925இல் நோயாளரும் படித்துப் பயன்பெறத்தக்க ‘நீரிழிவாளர் வாழ்வு’ என்னும் நூலை எழுதினார். 1934இல், அதே நோய் கொண்ட எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸுடன் இணைந்து நீரிழிவாளர் சங்கத்தை நிறுவினார். நோயாளி இங்கே ஒருபடி மேலேறுகிறார். தமக்குத் தாமே மருத்துவரானவர் இப்போது பிறருக்குத் துணையாகிறார்.

ஆனால் இவ்வகைச் சங்கங்களுக்கு மூத்தது போர்த்துக்கல் நாட்டுத் தலைநகர் லிஸ்பனில் தோன்றியது. அமெரிக்கா சென்று புதிய சிகிச்சையை அறிந்து திரும்பிய மருத்துவர் எர்னஸ்ட்டோ ரோமா, 1926இல் அதை நிறுவினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘ஏழை நீரிழிவாளர் பாதுகாப்புச் சங்கம்’. மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, ஆனால் ஏழையால் வாங்க இயலவில்லை. வாங்கிக் கொடுத்தாலும் போட்டுக்கொள்ளத் தெரியவில்லை. ஆகவே இன்சுலினை இலவசமாக வழங்கியதோடு, அதைத் தாமே செலுத்திக்கொள்ளவும் அங்குக் கற்றுக்கொடுத்தனர். மருந்தை மட்டும் தருவது பாதி ஈகை. அதைப் பயன்படுத்தும் அறிவையும் தருவதே முழு ஈகை என்பதை அப்பெயரும் பணியும் நமக்கு உணர்த்துகின்றன.

ஆசிரியரும் நடுவரும்

இவ்வரலாற்றில் ஒரு நிழலும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஜாஸ்லின் கண்டிப்பு மிக்கவர். உணவு, இன்சுலின், உடலுழைப்பு ஆகிய மூன்றும் ஒரு தேரில் பூட்டிய மூன்று குதிரைகள். தேரோட்டி நோயாளியே என்பது அவர் போதனை. குதிரை தறிகெட்டால் பழி யார்மேல்? இயல்பாகவே தேரோட்டிமேல்தான். இதனால் நோயாளர் பலர் மனத்தில் சர்க்கரை பாவமாயிற்று. சோதனைக் குழாயின் செங்கல் நிறம் குற்றச்சாட்டாயிற்று. கண்டிப்புக்கு அஞ்சும் சிறுவனோ சிறுமியோ சோதனை முடிவை மாற்றி எழுதிக்கொண்டு வருவது மருத்துவர் அனைவரும் அறிந்த செய்தி.

இதற்கு எதிராகவும் குரல்கள் எழுந்தன. ஜெர்மனியில் கார்ல் ஸ்டோல்ட்டே, நீரிழிவுற்ற சிறார் மற்றச் சிறாரைப்போல் உண்ணட்டும். அதற்கேற்ப இன்சுலினைக் கூட்டிக் குறைக்கலாம் என்றார். நியூயார்க்கில் எட்வர்ட் டோல்ஸ்டாய், நோயாளி நலமாயிருந்தால் போதும், சிறுநீர்ச் சர்க்கரையை எண்ணிக்கொண்டிருக்க வேண்டா என்றார். வாதம் பல்லாண்டு நீடித்தது. ஆழ்மயக்கத்துக்குத் தப்பி நெடுநாள் வாழ்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் கெடுவது கண்டறியப்பட்டதால், அது வெறும் ஏட்டு வாதமாக இருக்கவில்லை.

1993இல் தீர்ப்பு வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பேராய்வு, சர்க்கரையை இயல்பு நிலைக்கு அருகில் வைத்திருந்தவர்களுள், தொடக்கத்தில் கண் கேடற்றிருந்தோர்க்குக் கண் பாதிப்பு தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்ததெனக் காட்டிற்று. சர்க்கரை கடுமையாகத் தாழும் ஆபத்து ஏறத்தாழ மும்மடங்காயிற்று என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொன்னது. எனவே கட்டுப்பாடு வேண்டும் என்றதில் ஜாஸ்லின் சரி. ஆனால் அந்த வெற்றி எவ்வாறு கிட்டியது என்பதையும் நாம் நோக்க வேண்டும். தீவிர சிகிச்சை பெற்றவர்களைச் செவிலியரும் உணவியலாரும் மாதந்தோறும் சந்தித்தனர்; இடையிடையே தொலைபேசியில் பேசி மருந்தளவைச் சீர்செய்தனர். கண்டனத்தால் கிடைத்த வெற்றியன்று அது. உடனிருந்து வழிநடத்தியதால் கிடைத்தது.

ஏழைகளின் நடுவிலும் இது பலிக்கும் என்பதற்கு அதற்கு முன்பே சான்று உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பொது மருத்துவமனையில் இலியோனா மில்லர் என்ற மருத்துவர், ஆயிரக்கணக்கான எளிய நோயாளருக்குக் கல்வி அளித்து, ஐயம் எழுந்தால் அழைப்பதற்கென ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். நீரிழிவு மயக்கத்தோடு வந்து சேருவோர் தொகை பாதிக்கும் மேல் குறைந்தது என்று அவரும் உடனுழைப்பாளரும் 1972இல் அறிவித்தனர். புதிய மருந்து எதுவும் அங்கே சேர்க்கப்படவில்லை. கேட்பதற்கு ஒரு செவி சேர்க்கப்பட்டது, அவ்வளவே.

நம் தெருவில்

இன்று கண்ணாடிக் குழலும் தீட்டுக்கல்லும் காட்சிப் பொருள்களாகிவிட்டன. பேனா வடிவ ஊசியும் விரல்நுனித் துளி இரத்தத்தில் சர்க்கரை காட்டும் கருவியும் வந்துவிட்டன. ஆயினும் மருத்துவமனை வாயிலில் நிற்கும் புதியவரின் திகைப்பு அப்படியே இருக்கிறது. நம் நாட்டில் இன்றும் ஒரு மில்லிக்கு 40 அலகு கொண்ட குப்பிகளும் 100 அலகு கொண்டவையும் வழங்குகின்றன. சிவப்பு மூடி ஊசி 40க்கு உரியது; ஆரஞ்சு மூடி ஊசி 100க்கு உரியது. 100 அலகு மருந்தை 40க்குரிய ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடலில் சேர்ந்துவிடும். 1920களின் குப்பிக் குழப்பம் இன்னும் தீரவில்லை என்பதை இது காட்டுகிறது.

ஆகவே, மருத்துவமனையை விட்டு வருமுன் நோயாளியும் உடனிருப்பவரும் கூச்சமின்றிக் கேட்டறிய வேண்டியவை சில. எந்த மருந்து, எந்த ஊசி, எத்தனை அலகு, உணவுக்கு எவ்வளவு நேரம் முன்? ஒரே இடத்தில் குத்தித் தழும்பு ஏறாமல் இடத்தை எப்படி மாற்றுவது? சர்க்கரை தாழ்ந்தால் அறிகுறி என்ன? மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே குடித்து, கால் மணி நேரத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதையும், நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது என்பதையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும். காய்ச்சலோ வாந்தியோ வந்து உணவு செல்லாத நாளில் இன்சுலினைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில், ஈரமண்ணால் குளிர்ந்த பானைக்குள் நீர் படாதவாறு குப்பியைக் காக்கலாம். குளிர்பெட்டி உள்ள வீட்டில் உறைபனி அறையில் வைக்கவே கூடாது. தவக்கால நோன்பைப் பொறுத்தவரை, நோயுற்றோரைத் திருச்சபை அக்கடமையால் கட்டுவதில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பது பக்தியாகாது, ஆபத்தாகும்.

தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகளை வீடு தேடி அளிக்க வழிசெய்தது. படியேறி வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரைக் காண்கையில் பாஸ்டனின் அலைந்து திரிந்த செவிலியர் நம் நினைவுக்கு வருகின்றனர். எனினும் எல்லாப் பணியையும் அரசிடமும் மருத்துவரிடமும் விட்டுவிட வேண்டுவதில்லை. நம் அன்பியக் குடும்பங்கள் நோயாளரைச் சந்திக்கச் செல்லும் வழக்கம் உண்டு. பழமும் இனிப்பும் வாங்கிச் சென்று, சில நிமிடம் அமர்ந்து, செபித்து எழுந்துவிடுகிறோம். இன்சுலின் தொடங்கி முதல் வாரத்தில் இருப்பவரிடம் வேறு விதமாகவும் பேசலாம். ஊசியை யார் போடுகிறார், எழுத்துச் சிறியதாயிருந்தால் குப்பியின் எண்ணை யார் படித்துச் சொல்கிறார், இரவில் அழைக்க அருகில் யார் இருக்கிறார் என்று கேட்கலாம். பலமுறை ஊசி போட்டுப் பழகிய ஒருவர் நம் தெருவிலேயே இருப்பார். அவரை அழைத்துச் சென்று அறிமுகம் செய்துவைக்கலாம். அளவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அச்சத்தைப் போக்க அனுபவசாலி ஒருவர் போதும்.

கண்டுபிடித்தவர் நால்வர். கற்றுக்கொடுத்தவரோ ஆயிரக்கணக்கானோர், அவர்களுள் பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இன்சுலினின் மறுபாதி வரலாறு அவர்கள் ஏறி இறங்கிய வீட்டுப் படிகளில் நிகழ்ந்தது. நம் பங்கிலும் இந்த வாரம் யாரோ ஒருவர் கையில் சிறு பெட்டியோடு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவார். அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம்.